சிவப்பு ஹெல்மெட்டுக்குள் மூன்று பேர்

நம் வீட்டு வாசல் ஆணியில் தொங்கும் சிவப்பு ஹெல்மெட்டின் வாரில், சாட்சிப் பொருள் என்று கோர்ட்டுச் சீட்டு கட்டியிருந்த நூல் இன்னும் இருக்கிறது. அதை ஏன் வெட்டவில்லை என்று கேட்டீர்களே பிள்ளைகளே, அதற்காக எழுதுகிறேன். ஆறாம் ஆண்டோடு படிப்பை விட்டவன் எழுத்து. பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

அந்த ஹெல்மெட் உங்கள் சித்தப்பாவுடையது. பாடாங் செராயில் ஒரு கடையை உடைத்தவன் அதை அங்கே விட்டுவிட்டு ஓடியிருந்தான். உள்துணியின் வியர்வையில் சித்தப்பாவின் டி.என்.ஏ. இருப்பதாக அறிக்கை வந்தது. போதாததற்கு, "வேற ஆளு யாரும் போட மாட்டாங்க" என்று அவனே போலீசில் சொல்லிக் கையெழுத்தும் போட்டிருந்தான். சிறைதான் என்று எங்கள் எஸ்டேட் தோட்டமே பேசியது. அவன் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் கோர்ட்டில் அண்ணன் சொல்லா எடுபடும்? அறிக்கையைச் சரிபார்க்க நாமே ஒரு டி.என்.ஏ. நிபுணரை வைத்துக்கொள்ளலாம் என்று வக்கீல் சொன்னார். தம்பியை விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

வந்தவரை டாக்டரம்மா என்றுதான் கூப்பிட்டோம். தேநீரைக் கையில் கொடுத்துவிட்டு, "மேடம், தம்பி செய்யலன்னு மட்டும் எழுதிக் குடுங்க லா" என்றேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "அப்படி எழுதற ஆளு வேணும்னா வேற எடம் பாருங்கண்ணே. இருக்கறததான் எழுதுவேன். ஒங்களுக்கு எதிரா வந்தாலும் அதான். சம்மதமா?" அடுப்படியிலிருந்து உங்கள் அம்மா, "சம்மதம்னு சொல்லுங்களேன், வாயில என்ன கொழுக்கட்டையா?" என்றாள்.

சில வாரம் கழித்து, ஆய்வுக்கூடத்துத் தாள்களோடு மறுபடி வந்தார். "அறிக்கையில தப்பில்ல. ஒங்க தம்பி இருக்காரு. ஆனா அவரு மட்டும் இல்ல, கொறஞ்சது மூணு பேரு இருக்காங்க" என்றவர், ஜாமீனில் இருந்த தம்பியின் பக்கம் திரும்பினார். "வேற ஆளு போடலன்னீங்களே, மத்த ரெண்டு பேரு யாரு?" அவன் தலையைச் சொறிந்தான். "வேற ஆளு இல்லீங்க. மோட்டார் சைக்கிளு நிறுத்தற கொட்டகையில தொங்கும், யாருக்கு வேணுமோ எடுப்பாங்க. பக்கத்து வீட்டு அண்ணன் காய்கறி வாங்க பசாருக்குப் போட்டுக்கிட்டுப் போவாரு. எல்லாம் நம்ம ஆளுங்கதான்!" டாக்டரம்மா சிரித்துவிட்டார். "கோர்ட்டுல நம்ம ஆளும் வேற ஆளுதான் தம்பி."

அதன்பிறகு வேலை விட்டதும், ஹெல்மெட்டைப் போட்டவர்களிடம் ஒப்பிட்டுப் பார்க்க எச்சில் கேட்டு, தோட்டத்து லயத்து வரிசையில் வீடு வீடாக ஏறினேன். "என்னைய மாட்டிவிடப் பாக்கறியா?" என்று கதவைச் சாத்தினார்கள். பக்கத்து வீட்டு அண்ணனிடம் மட்டும் ஐந்து தடவை போனேன். ஐந்தாம் தடவை, "ஒன் தொல்ல தாங்கல. என் எச்சிதான வேணும், எடுத்துக்க" என்று வந்தார். ஒப்பிட்டுப் பார்த்ததில் இரண்டாவது ஆள் அவர்தான்.

கோர்ட்டில் அரசு வக்கீல், சித்தப்பா அந்த ஹெல்மெட்டைப் போட்டிருக்கிறானா என்று கேட்டார். "போட்டிருக்கிறார்" என்றார் டாக்டரம்மா. "கடைசியாகப் போட்டவர் யார் என்று இந்த வியர்வை சொல்லாது" என்றும் அதே குரலில் சொன்னார். நாங்கள் கேட்டபடி எழுதிக் கொடுக்கிறவராக இருந்திருந்தால், அந்த இரண்டாவது வார்த்தையை யார் நம்பியிருப்பார்கள்? சித்தப்பா விடுதலையானான். மூன்றாவது ஆள் யாரென்று இன்றுவரை தெரியவில்லை.

அதற்காக யாருக்கும் ஹெல்மெட் கொடுக்காமல் இருந்துவிடாதீர்கள். யார் போட்டார்கள் என்று எவராவது கேட்டால் மட்டும், நம்ம ஆளு வேற ஆளு என்று பிரிக்காமல் ஒவ்வொரு பெயராகச் சொல்லுங்கள். அது மறந்துபோகக்கூடாது என்றுதான் அந்த நூலை வெட்டவில்லை. இதை எழுதும்போது ஆணி காலியாக இருக்கிறது. பக்கத்து வீட்டு அண்ணன் பீடோங் பசாருக்குப் போயிருக்கிறார். நூலும் அவரோடு போயிருக்கிறது.