சனோங் அண்ணனின் கும்பிடு

எதிர்வீட்டு சனோங் அண்ணனைப் போல வண்டியைக் காத்த மனிதரை எங்கள் ஊரில் நான் பார்த்ததில்லை. போன மழைக்காலத்தில் என் பிக்கப் வண்டி வாசலிலிருந்தே திருட்டுப் போயிற்று. எல்லைதான் கூப்பிடு தூரத்தில் இருக்கிறதே, நான் போலீசுக்குப் போய்ச் சேர்வதற்குள் அது கம்போடியாவுக்குள் ஓடியிருக்கும். வயிறெரிந்தது எனக்கு, தூக்கம் போனது அவருக்கு. அவருடைய பிக்கப்பின் ஸ்டியரிங்குக்கு இரும்புப் பூட்டு வந்தது. சக்கரத்தை மாமரத்தோடு சேர்த்துக் கட்டச் சங்கிலி வந்தது. சாவிக்கொத்து இடுப்பை விட்டு இறங்கவில்லை. மனைவி சம்லி அக்கா அவரைவிட நன்றாக ஓட்டுவாள். அவளிடம்கூட வண்டியைத் தருவதை நிறுத்திவிட்டார்.

அதுவும் போதாமல், வெளியூர் மெக்கானிக்கிடம் போய் ஒரு ரகசிய சுவிட்ச் வைத்துக்கொண்டு வந்தார். அதை அழுத்தாமல் சாவியைத் திருப்பினால் இஞ்சின் இழுக்கும், ஆனால் பிடிக்காது.

"எங்க வெச்சிருக்கீங்க? எனக்காவது சொல்லுங்க" என்றாள் அக்கா.

"உங்கிட்ட சொன்னா நீ டுயன்கிட்ட சொல்லுவ. அவகிட்ட சொல்றதும் ஒண்ணுதான், மைக் போட்டுச் சொல்றதும் ஒண்ணுதான்."

டுயன் நான்தான். அந்த வாரம் முழுக்க அவரோடு நான் பேசவில்லை.

அதே சமயத்தில் மனிதருக்குப் பக்தி வேறு வந்துவிட்டது. வண்டியில் குடியிருக்கும் மே யா நாங் அம்மனுக்கு நாங்கள் எல்லோருமே பூமாலை தொங்கவிடுவோம், ஸ்டியரிங் தண்டில் வண்ணத் துணி சுற்றுவோம். கோயில் பக்கம் தலைவைத்துப் படுக்காத இவரோ, தினமும் ஏறி உட்கார்ந்ததும் நெஞ்சுக்கு நேரே கைகூப்பி, அந்தத் துணியைத் தொட்டுக் கண்ணை மூடினார். அக்காவுக்கு அப்போதுதான் வயிற்றில் கட்டி எடுத்திருந்தார்கள்.

"எனக்காகத்தான்டி வேண்டிக்கிறாரு. வாயத் திறந்து சொல்லிட்டா குறைஞ்சா போயிடுவாரு" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கரும்பு வெட்டுக்கு ஊரே போயிருந்த ஒரு மதியம், அக்காவின் அலறல் கேட்டு ஓடினேன். சனோங் அண்ணன் சோற்றுத் தட்டின் மேல் சாய்ந்து கிடந்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது, வலது கை துவண்டிருந்தது. போன் போட்டால், ஆம்புலன்ஸாக ஓடும் மீட்புக் குழுவின் வண்டி நெடுஞ்சாலை விபத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். காத்திருந்தால் ஆள் மிஞ்சமாட்டார் என்பது பார்த்தாலே தெரிந்தது.

இருவருமாக அவரை இழுத்து வண்டியின் முன் சீட்டில் போட்டோம். இடுப்பிலிருந்து சாவிகளை எடுத்தேன். எது எந்தப் பூட்டுக்கு என்று தெரியாமல் தடுமாறினேன். ஒருவழியாகச் சங்கிலியும் கழன்றது, இரும்புப் பூட்டும் கழன்றது. அக்கா சாவியைத் திருப்பினாள். இழுத்தது. மறுபடி திருப்பினாள். இழுத்தது, பிடிக்கவில்லை.

சீட்டுக்கு அடியில், மிதியடிக்குக் கீழே, கண்ணாடிக்குப் பின்னால் என்று இருவரும் துழாவினோம்.

"அண்ணே, சுவிட்ச் எங்கண்ணே? கண்ணாலயாவது காட்டுங்க!" என்று கத்தினேன்.

தொண்டையில் ஏதோ கரகரத்தது, சொல் வரவில்லை. இடது கையை மெல்லத் தூக்கி, விரல்களைச் சேர்த்து, நெஞ்சுக்கு நேரே நிறுத்தினார். பாதிக் கும்பிடு.

"போயிட்டு வரேன்னு கும்பிடுறாருடி!" என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவர் தலையை ஆட்டினார். கண்ணில் கோபம். மறுபடியும் கையை நெஞ்சுக்குக் கொண்டுபோய், ஸ்டியரிங் பக்கம் நீட்டப் பார்த்தார். எட்டாமல் கை மடியில் விழுந்தது.

அக்காவின் அழுகை சட்டென்று நின்றது. அவரைப் போலவே கைகூப்பினாள், அவரைப் போலவே துணியைத் தொட்டாள். விரலைத் துணிக்குள் விட்டு அழுத்தினாள். 'டிக்' என்றது. சாவியைத் திருப்பியதும் இஞ்சின் பிடித்துக்கொண்டது.

ஆஸ்பத்திரிவரை கண்மண் தெரியாமல் ஓட்டினாள். வழியில் ஒரே ஒரு தடவைதான் பேசினாள்.

"இத்தன நாளா சுவிட்சயா கும்பிட்டீங்க?"

அவர் பிழைத்துக்கொண்டார். வலது கை மட்டும் சரியாகவில்லை. வீடு திரும்பிய நாளில் நான் பின் சீட்டில் இருந்தேன். அக்கா கும்பிடவில்லை. துணியை வெடுக்கென்று அழுத்தி, சாவியைத் திருப்பினாள். வண்டி உறுமியது. சனோங் அண்ணன் இடது கையை நெஞ்சுக்கு நேரே நிறுத்திக் கண்ணை மூடினார்.

"அதான் இஞ்சின் ஓடுதே, இன்னும் என்ன?" என்று சீறினாள்.

"தெ...ரி...யும்" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.