எங்கட ஜன்னலில ஊராக்கள்ட பெட்டரி

கச்சான் காத்து அடிச்சு வளவு மண்ணெல்லாம் வீட்டுக்குள்ள வாற காலம். போன வருசம், பனிச்சங்கேணிப் பக்கம் ஆத்தோரத்தில இருக்கிற எங்கட வீட்டில நடந்தது இது. ஆறு எண்டு சொன்னாலும் அது வாவிதான், உப்புத் தண்ணி. எங்கட வாயில ஆறு எண்டுதான் வரும். இத எழுதிப்போட்டா நெஞ்சு கொஞ்சம் லேசாகும் எண்டு நினைச்சுத்தான் இருந்து எழுதிறன்.

என்ட மனுசன் றால் பிடிக்கிறவர். பொழுதுபட்டாத் தோணியக் கொண்டு போவார், விடிஞ்சுதான் வருவார். இப்ப எல்லாரும் தலையில லைட்டக் கட்டிக்கொண்டுதான் தொழிலுக்குப் போறது. அந்த லைட்டுக்குள்ள விரல் பருமனில லிதியம் பெட்டரி ஒண்டு இருக்கும். லைட்டோட தாற சார்ஜர் எங்கட உப்புக் காத்துக்குக் கனநாள் நிக்காது. மனுசனுக்கு இந்த வயர் வேலையில ஒரு பைத்தியம். கூரையில ஒரு சோலார் தகடு முந்தியே வச்சிருந்தார். போனில வீடியோவைப் பாத்துப் பாத்து, ஒரு பலகையில பெட்டரி வைக்கிற தட்டுகளை வரிசையா அடிச்சார். எல்லாத்தையும் ஒரே வயரில கோத்து, ஒரே தரத்தில எல்லாப் பெட்டரிக்கும் சார்ஜ் ஏறுற மாதிரிச் செஞ்சு, முன்னறை ஜன்னலில வச்சிட்டார்.

அதுக்குப் பிறகு கேக்கவா வேணும். காலையில தோணி கரைக்கு வந்ததும் ஆத்தோரத்து ஆக்கள் எல்லாரும் அவங்கட பெட்டரிய எங்கட வீட்டில தந்திட்டுப் போவாங்க. மாறிப் போகாம இருக்க அந்தந்த வீட்டுப் பொம்புளயள் நகப்பூச்சால பொட்டு வச்சு அனுப்புவாங்க. ஒருத்தருக்குச் சிவப்பு, ஒருத்தருக்கு ரோசா, ஒருத்தருக்கு மினுங்கிற நீலம். பின்னேரம் நிறைஞ்ச பெட்டரிய வந்து எடுத்துக்கொண்டு ஆத்துக்குப் போவாங்க. மனுசனுக்கு அதில சரியான பெருமை. ஊராக்கள் நம்பித் தந்த சாமான், ஒண்டும் குறையாமத் திருப்பிக் குடுக்கணும் எண்டு சொல்லிச் சொல்லியே அதக் கோயில் சாமான் மாதிரிப் பாப்பார்.

எனக்கெண்டா அதில நம்பிக்கையே இல்ல. தோணியில இருந்து ஆத்துக்குள்ள விழுந்த பெட்டரியையும் நல்ல தண்ணியில கழுவி, கருவாட்டோட கருவாடா வெயிலில காயவச்சு, திரும்பவும் பலகையில குத்துறது எங்கட ஆக்கள்ட பழக்கம். ஈரம் போகட்டும் எண்டு அரிசிப் பானைக்குள்ள புதைச்சும் வைப்பாங்க. மேல்தோல் கிழிஞ்சா ஒட்டுற ரேப் சுத்துறது. எறியிறது எண்ட கதையே இல்ல. முதல் அந்தப் பலகையில, பெட்டரி நிறைஞ்சதும் தானா நிப்பாட்டுற சின்னப் பச்சைத் துண்டொண்டும் இருந்திச்சு. அது ஊர்ந்து ஊர்ந்து ஏத்துது, பின்னேரத்துக்கிடையில முடியுதில்ல எண்டு மனுசன் அதையும் கழட்டிப்போட்டார். அண்டையில இருந்து நான் அடுப்படிக்கும் ஜன்னலுக்கும் நடை. போகக்குள்ள ஒருக்கா, வரக்குள்ள ஒருக்கா பெட்டரியத் தொட்டுத் தொட்டுப் பாப்பன். காய்ச்சல் பாக்கிற டொக்டர் அம்மா வாறா எண்டு மனுசன் பகிடி பண்ணுவார். பக்கத்து வீட்டு மச்சாளும் அவரோட சேந்து சிரிப்பா. சிரிக்கட்டும். எனக்கெண்டா பயம் பயம்தான்.

அண்டைக்கு நல்ல வெயில். றால் நல்லாப் படுற கிழமை, பெட்டரி எல்லாருக்கும் வேணும். பலகையில இடமில்லாம, ஏத்தி முடிஞ்சதுகளைப் பக்கத்தில ஒரு பிளாஸ்டிக் பேசனில போட்டு வச்சிருந்தார். வெளியில மரத்துக்குக் கீழ, ஓட்டமாவடியில இருந்து றால் வாங்க மோட்டச்சைக்கிளில வாறவர் றாலை நிறுத்துக்கொண்டு நிக்கிறார். முஸ்லிம் அண்ணன்மாரைக் காக்கா எண்டுதான் நாங்க கூப்பிடுறது, அவரையும் அப்பிடித்தான். மனுசன் அவரோட நிக்கிறார். எங்கட மகள், அப்பதான் தவழத் தொடங்கின புள்ள, முன்னறையில ஏணைக்குள்ள நித்திரை. என்ட பழைய சீலையில கட்டின ஏணை. ஜன்னலுக்கும் ஏணைக்கும் இடையில ஒரு கதிரை போடுற இடம்தான் இருக்கும்.

நான் அடுப்படியில அரிசி அரிச்சுக்கொண்டு நிண்டன். நகப்பூச்சு மணக்கிற மாதிரி இனிச்ச ஒரு மணம் வந்திச்சு. மச்சாள் வந்து நிண்டு பொட்டு வைக்கிறா போல எண்டு முதல் நினைச்சன். மச்சாள்ட சத்தத்தக் காணல்ல. அரிசியை அப்பிடியே வச்சிட்டுப் போய்ப் பெட்டரியில கைய வச்சன், தொட ஏலாது, அப்பிடிச் சுட்டுது. கைய எடுக்க முதலே அதில ஒண்டு சீறத் தொடங்கிச்சு. பாம்பு சீறினாக்கூட நான் அப்பிடிப் பயந்திருக்க மாட்டன்.

வயரைக் கழட்டணும், பலகையத் தூக்கி வெளியில எறியணும் எண்டெல்லாம் இப்ப நினைக்க வருது. அண்டைக்கு எனக்கு ஏணை மட்டும்தான் தெரிஞ்சிச்சு. புள்ளையச் சீலையோட இழுத்து அள்ளினன். சீலை முடிச்சில மாட்டிக்கொண்டு வரமாட்டன் எண்டுது. உருவித்தான் எடுத்தன் புள்ளைய. திரும்பக்குள்ள பின்னால வெளிச்சம் பட்டிச்சு, ஜன்னல் சீலை பத்திட்டுது. வெள்ளைப் பொகை, தொண்டையப் பிடிச்சு அறுக்கிற பொகை. அடுப்படிக் கதவால ஓடி வளவுக்குள்ள விழுந்தன். புள்ள கத்துறா, நானும் கத்துறன். என்ன சொல்லிக் கத்தினன் எண்டு எனக்குத் தெரியாது.

மனுசன் ஓடி வந்தார். எங்களை ஒருக்காப் பாத்தார், புள்ளையப் பாத்தார். சரி, கிட்ட வருவார் எண்டு பாத்தா, நேர முன்கதவுக்குப் போறார்.

“ஊராக்கள்ட பெட்டரி உள்ள கிடக்கு” எண்டார்.

அந்த மனுசன்ட முகம் இண்டைக்கும் எனக்குக் கண்ணுக்குள்ள நிக்குது. வீடு எரியுது, அவருக்குப் பேசன்தான் நினைவு. காக்கா பாஞ்சு போய் அவர்ட சாரத்தையும் கையையும் சேத்துப் பிடிச்சார். “தம்பி, அந்தப் பொகை நஞ்சு, மற்றதெல்லாம் இப்ப வெடிக்கும், போகாதீங்க” எண்டு கெஞ்சினார். மனுசன் தொழில் செய்யிற உடம்பு, ஒரு உதறில காக்காவைத் தள்ளிப்போட்டார். கதவில கால் வச்சிட்டார். நான் பேர் சொல்லிக் கூப்பிட்டன். கல்யாணம் முடிச்சு அண்டைக்குத்தான் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்கன். அதுவும் அவருக்குக் கேக்கல்ல.

எனக்கு எங்க இருந்து அந்தப் புத்தி வந்திச்சோ தெரியாது. ஓடிப் போய் அவருக்கு முன்னால நிண்டு, புள்ளைய அவர்ட நெஞ்சில வச்சு அழுத்திப்போட்டு, என்ட ரெண்டு கையையும் எடுத்திட்டன்.

அவருக்கு வேற வழியில்ல. பிடிச்சார். பிடிச்ச கையோட அவர்ட கால் நிண்டிட்டுது. புள்ள அவர்ட சட்டையப் பிடிச்சுக்கொண்டு கத்துறா. அவர் புள்ளையையும் கதவையும் மாறி மாறிப் பாக்கிறார். காக்கா பின்னால இருந்து எங்க ரெண்டு பேரையும் சேத்து இழுத்தார். மரத்தடிக்கு வந்து சேருறதுக்குள்ள உள்ள சட சட எண்டு வெடிக்கத் தொடங்கிட்டுது. பேசனில கிடந்ததுகள் ஒண்டுக்குப் பிறகு ஒண்டாப் போகுது. ஒண்டு நெருப்போட ஜன்னலால பறந்து வந்து, மனுசன் கால் வச்சு நிண்ட அந்தப் படியிலயே விழுந்து கிடந்து சீறிச்சு. அதப் பாத்த அவர் புள்ளைய இறுக்கிப் பிடிச்சார்.

காக்கா கூரையில இருந்து வாற சோலார் வயரைக் காஞ்ச தடியால இழுத்து அறுத்தார். மோட்டச்சைக்கிளில கட்டியிருந்த ரெஜிபோம் நுரைப் பெட்டியில றாலுக்கு வச்சிருந்த ஐஸ் தண்ணி முழுக்க ஜன்னலால ஊத்தினார். ஊராக்கள் வாளியோட வந்திட்டாங்க, கிணத்துக்கும் வீட்டுக்கும் ஓட்டம். எல்லாருமா விடாம ஊத்தி, நெருப்பு அடுப்படிப் பக்கம் வராம நிப்பாட்டினாங்க. பொகை அடங்கி நான் உள்ளுக்குப் போய்ப் பாக்கக்குள்ள, கூரை வளையில ஏணைக் கயிறு கரிஞ்சு ஒரு முழம்தான் தொங்கிச்சு. சீலை உருகி நிலத்தில ஒட்டிக் கிடந்திச்சு. அதப் பாத்திட்டுத்தான் எனக்கு அழுகை வந்திச்சு. அதுவரைக்கும் வரல்ல.

மனுசன் மரத்தடியில குந்திக்கொண்டு, வந்த ஒவ்வொருத்தரிட்டயும் உங்கட பெட்டரியக் காப்பாத்த ஏலாமப் போயிற்று எண்டு சொல்லிக்கொண்டிருந்தார். ஒருத்தரும் அதக் காதில வாங்கல்ல. எல்லாரும் புள்ளையத்தான் வாங்கித் தூக்கிப் பாத்தாங்க. மச்சாள் மட்டும் என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னா, அவங்கட பெட்டரி ஒண்டு முதல்நாள் ஆத்துக்குள்ள விழுந்ததாம், கழுவிக் காயவச்சுத் தந்ததாம், சொல்லாம விட்டதாம். சொல்லிச் சொல்லி அழுதா. எங்கட அரிசிப் பானைக்குள்ள இருந்தும் ஒண்டு அண்டைக்குப் பலகைக்குப் போனதுதான். சீறினது எது எண்டு எனக்கும் தெரியாது, அவவுக்கும் தெரியாது. ரெண்டு பேரும் ஒண்டா இருந்து அழுதம்.

காக்கா பொழுதுபடும் வரைக்கும் போகல்ல. தண்ணிக்குள்ள விழுந்தது, வீங்கினது, தோல் கிழிஞ்சது ஒண்டையும் வீட்டுக்குள்ள வைக்காதீங்க எண்டு எல்லாரிட்டயும் சொல்லிட்டு, கெட்டுப்போன றாலோட போனார். அடுத்த நாள் புள்ளைக்கு ஒரு புதுச் சீலை கொண்டு வந்து தந்தார், ஏணைக்கு எண்டு. காக்காவை நான் படைச்சவனுக்கு அடுத்ததா வச்சுக் கும்பிடுறன்.

இப்ப ஊரில ஒவ்வொரு வீடும் அவங்கட பெட்டரியக் கடையில வாங்கின சார்ஜரிலதான் போடுறாங்க, அதுவும் வெளியில, ஓட்டுத் துண்டுக்கு மேல வச்சு, பக்கத்தில ஒராளை இருத்தி. எங்கட எரிஞ்ச ஜன்னலுக்குப் புதுக் கதவு போட்டாச்சு. என்ட பழக்கம் மட்டும் மாறல்ல. சார்ஜில போட்டா நான் போய்த் தொட்டுத்தான் பாப்பன். மனுசன் இப்ப பகிடி பண்ணுறதில்ல. நான் மறந்து இருந்தா, இஞ்சே புள்ள, ஒருக்காத் தொட்டுப் பாரு எண்டு அவரே என்னைக் கூப்பிடுறார்.

பொழுதுபட்டு அவர் தோணிக்கு இறங்க முதல், நான் மகளை ஒருக்கா அவர்ட கையில குடுத்துத் திரும்ப வாங்கிறன். ஆத்தில எது கைவிட்டுப் போனாலும், கரையில இந்தப் பாரம் இருக்கு எண்டு அவர்ட கை மறக்காம இருந்தா எனக்கு அது போதும்.