தனகோடி அடைத்த ஓட்டை

தனகோடிக்கு ஓட்டை என்றாலே ஆகாது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் இருபத்தாறு வருஷமாகத் தோல் வெட்டுகிற ஆள். மேசையில் தோலை விரித்ததும் கத்தியைத் தொட மாட்டான். முதலில் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பான். உண்ணி கடித்த துளையோ, முள் கிழித்த கோடோ கண்ணில் பட்டால் சில்வர் பேனாவால் ஒரு வட்டம் போடுவான். அந்த இடத்தை யாரும் தொடக்கூடாது என்று அர்த்தம். வீட்டுக்கு வந்தாலும் கண் அடங்காது. குடை, கைப்பை, கொசுவலை என்று எதில் ஓட்டை தெரிந்தாலும் அன்றைக்கே துண்டுத் தோல் வைத்து ஒட்டிவிடுவான்.

"சல்லடைய மட்டும் இந்தாளு கண்ல படாம ஒளிச்சு வெச்சிருக்கேன் பாய்" என்பாள் அவன் பெண்டாட்டி மோகனா.

பாய் என்றது என்னைத்தான். ரஷீத் அஹமது, பைபாஸ் ஓரத்தில் கார் மெக்கானிக். அவனுடைய பழைய பியட் காரால் வந்த பழக்கம். எவரோ ஷெட்டில் போட்டு வைத்திருந்ததை வாங்கி, சீட்டு முழுக்கத் தானே ஆட்டுத்தோல் தைத்துப் போட்டிருந்தான். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. ஆனால் வண்டி ஓட வேண்டுமே! ஆம்பூரில் ஜம்மென்று கிளம்பும். பள்ளிகொண்டா வந்ததும் இருமி, திணறி, நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். நானும் பிளக் மாற்றினேன், காயில் மாற்றினேன், பெட்ரோல் பம்பைப் பிரித்தேன், கார்புரேட்டரை இரண்டு தடவை கழுவினேன். என் கடையில் நிற்கும்போது ஒரு குறையும் காட்டாது. எனக்கே பேஜாராகிவிட்டது.

இந்த நேரத்தில் மகள் சௌம்யாவுக்குக் காட்பாடியில் வேலை கிடைத்தது. முதல் நாள் தன் காரில்தான் கொண்டுபோய் இறக்குவேன் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டான்.

மோகனா கறாராகச் சொன்னாள்: "ஞாயித்துக்கிழம என்ன ஏத்திக்கினு காட்பாடிக்குப் போய்க் காட்டு. வழியில நின்னா, மறுநாள் பொண்ணு பஸ்ல போவும், வண்டி காயலான் கடைக்குப் போவும்."

ஞாயிறு காலையில் இருவரும் என் கடை வாசலில் வந்து நின்றார்கள்.

"நீயும் ஏறு பாய்" என்றான் தனகோடி.

"நான் எதுக்குடா?"

"நின்னுச்சுன்னா இவ திட்டுறதுல பாதிய நீ வாங்கிக்க."

பயத்தில் டேங்க் முட்ட பெட்ரோல் போட்டான். அப்படியும் அன்றைக்குப் பள்ளிகொண்டா வரைக்கும்கூடப் போகவில்லை. மாதனூரிலேயே இருமி நின்றது. தனகோடி முகம் செத்துவிட்டது.

மோகனா நிதானமாக டிபன் பாக்ஸைத் திறந்தாள். "காயலான் கடைக்காரர் நம்பர் இருக்கா பாய்?"

நான் பேனட்டைத் தூக்கிப் பார்த்தேன். கார்புரேட்டருக்குப் பெட்ரோல் வரவில்லை. கம்மியாக இருந்தால் பள்ளிகொண்டா வரை போகிற வண்டி, முட்ட ரொப்பினால் மாதனூரிலேயே நிற்பானேன்? மண்டை காய்ந்தது.

தனகோடி டிக்கியிலிருந்து ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். பெட்ரோல் காட்டும் முள் வேலை செய்யாது. டேங்க் மூடியைத் திறந்து குச்சி விட்டுத்தான் பார்ப்பான்.

"ஆரம்பிச்சிட்டாரு" என்றாள் மோகனா. "அந்தக் குச்சிய வுட்டு எடுத்தாதான் வண்டி கிளம்பும். ஒவ்வொரு வாட்டியும் இதே கூத்து."

"இன்னா சொன்ன?" என்றேன்.

"நின்னா மூடியத் தொறப்பாரு, குச்சி வுடுவாரு, அப்புறம் ஓடும்."

"தனகோடி, கைய எடுடா!" என்று ஓடினேன். காதை வைத்துக்கொண்டு மூடியை மெதுவாகத் திருகினேன். புஸ்ஸென்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது.

மூடியைத் திருப்பிப் பார்த்தால், உள்ளே வட்டமாக ஒரு ஆட்டுத்தோல். பிசிறில்லாத வெட்டு.

"ரப்பர் வெடிச்சிருந்துச்சு பாய், நானே வெட்டி ஒட்டிட்டேன்" என்றான் பெருமையாக. "மூடி நடுவுல ஒரு பொடி ஓட்டை வேற இருந்துச்சு. அதையும் சேத்து அடைச்சிட்டேன்."

"அது டேங்க் மூச்சு வுடற ஓட்டைடா! பெட்ரோல் வெளிய போவணும்னா காத்து உள்ள வரணும். கம்மியா இருந்தப்ப உள்ள இருந்த காத்து பள்ளிகொண்டா வரைக்கும் தாங்குச்சு. இன்னிக்கு முட்ட ரொப்பிட்ட, உள்ள காத்துக்கு இடமே இல்ல. அதான் இங்கியே நின்னுடுச்சு."

மூன்று மாதமாக முன்பக்கத்தையே குடைந்துகொண்டிருந்தவன் நான். மூடியைத் திருப்பிப் பார்க்க எனக்கும் தோன்றவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தனகோடி மூடியைத் தடவினான். "நல்ல தோல் பாய். இதுல போயி ஓட்டை போடச் சொல்றியே."

மோகனா புடவையிலிருந்து ஊக்கைக் கழற்றி நீட்டினாள். "குத்து. இல்லன்னா பஸ்ஸுக்குக் கைய காட்டு. மனசு எறங்கிச் சொல்றேன், இங்கேர்ந்து புதுக் கணக்கு."

முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு குத்தினான்.

வண்டி கிளம்பியது. பள்ளிகொண்டா நெருங்கியபோது தனகோடி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினான். அதைத் தாண்டியதும் பின்சீட்டிலிருந்து குரல் வந்தது: "யோவ், இப்ப நீயும் மூச்ச வுடு."

காட்பாடி ஸ்டேஷன் எதிரில் டீ குடித்தோம். "நாளைக்கு நானும் வர்றேன்" என்றாள் மோகனா. "இந்தப் பின்சீட்டு எனக்கு."

திங்கட்கிழமை மகளை இறக்கிவிட்டு நேராக என் கடைக்கு வந்தான். டேங்க் மூடியைப் பார்த்தேன். அந்தப் பொடி ஓட்டையைச் சுற்றி சில்வர் பேனாவில் ஒரு வட்டம்.

"இது எதுக்குடா?"

"எவனாவது பாத்துட்டு அடைச்சிடுவான் பாய்" என்றான்.