கிரீடம் இல்லாத பேட்ஜ்

சேலையூரில் ஒரு நிபுணர் இருக்கிறார். அந்தப் பட்டத்தை அவருக்குக் கொடுத்தது அவரேதான். பழைய ராணுவத் தொப்பி பேட்ஜ், காலர் பேட்ஜ் எதைக் கொண்டுபோனாலும் லென்ஸைக் கையில் எடுக்காமலேயே எந்தக் காலத்தது என்று சொல்லிவிடுவார். எல்லாம் போனில் மேய்ந்ததில் கிடைத்த ஞானம். சட்டைக் காலரின் இரண்டு பக்கமும் மாட்டுகிற ஜோடியில் மிருகம் இருந்தால் ஒன்றையொன்று பார்க்கும்படி செய்வார்கள். அவருடைய கண்ணாடிப் பெட்டியிலோ இரண்டு யானைகளும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு பல்லாவரம் பஸ்ஸுக்கு நிற்கின்றன. போலி. சொன்னால் "ரேர் வெரைட்டி சார்" என்பார். எனக்கும் இந்தப் பைத்தியம் உண்டு என்பதால், மாதம் ஒரு ஞாயிறு அவர் வீட்டு ஹாலில் உட்கார்ந்து வயிறெரிந்துவிட்டு வருகிறேன்.

போன மாதம் பம்மலிலிருந்து ரிட்டையர் ஆன டீச்சர் ஒருவர் சர்ச் முடிந்த கையோடு வந்திருந்தார். கைக்குட்டைக்குள் ஒரு பித்தளைத் தொப்பி பேட்ஜ். அவருடைய அப்பா இரண்டாம் உலகப் போரில் பர்மா பக்கம் இருந்தாராம். போருக்குப் போன சபை ஆட்களின் பெயர்களைச் சர்ச்சில் கல்லில் வெட்டப்போகிறார்கள். அப்பா பெயரையும் சேர்க்கலாம் என்றதற்கு, அவர் விட்டதெல்லாம் கதை என்று டீச்சரின் கூடப்பிறந்த தம்பியே சிரித்தானாம்.

நிபுணர் ஒரு பார்வை பார்த்தார். "கிரீடம் இருந்தா இங்கிலாந்து ராஜா காலம். இதுல இல்ல. குடியரசுக்கு அப்புறம் வந்தது. உங்கப்பா வார்ல இருந்திருக்க சான்ஸே இல்லம்மா."

டீச்சரின் முகம் சுண்டிப்போனது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

குடியரசான பிறகு கிரீடம் இருந்த இடத்தில் அசோகச் சிங்கங்கள் வந்து உட்கார்ந்தன. இதில் சிங்கத்தையும் காணோமே, அதுகூடவா கண்ணில் படாது? பேட்ஜை வாங்கி மேல்விளிம்பைத் தடவினேன். மொட்டையாக இருந்தது. அரம் போட்டு ராவிய கோடுகள், அவையும் பல வருஷம் பாலிஷ் போட்டுப் போட்டு மழுங்கியிருந்தன. ராஜா போய்ப் புது பேட்ஜ் வந்து சேராத இடைவெளியில், கிரீடத்தை அறுத்தெறிந்துவிட்டுப் பழையதையே மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. இது ராஜா காலத்து பேட்ஜ்தான் என்று சொன்னேன். பர்மாவுக்குப் போனதை பேட்ஜ் சொல்லாது, ஆனால் அவர் போகவில்லை என்பதற்கு இவர் காட்டிய காரணம் சுத்த அபத்தம் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

நிபுணர் அப்போதுதான் லென்ஸைத் தேடினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வார்த்தை வரவேண்டுமே!

"அப்ப இது டேமேஜ் பீஸ். வேல்யூ கிடையாதும்மா."

டீச்சர் பேட்ஜைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு எழுந்தார்.

"நான் விக்க வரல சார். எங்கப்பா பொய் சொன்னாரான்னு கேக்க வந்தேன்."