தாயில்பட்டிக்குப் போன நான்கு படகுக் கொம்புகள்

காலை 6.50. மதுரையில் ரயில் ஏறினேன். மடியில் பை. பைக்குள் ஒரு பாய்மரப் படகின் நான்கு அலுமினியக் கொம்புகள். கயிற்றைச் சுற்றிப் படகைக் கட்டி நிறுத்துவதற்காக மேல்தளத்தில் பொருத்துவார்களே, அவை.

படகு தூத்துக்குடியில் கிடக்கிறது. நானும் நண்பன் சேவியரும் பங்கு போட்டு வாங்கிய கிழட்டுப் படகு. கொம்புகளை எஃகு போல்ட்டால் முடுக்கியிருந்தார்கள். இடுக்கில் உப்புத் தண்ணீர் புகுந்து, அலுமினியம் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்து, போல்ட்டைக் கவ்விப் பிடித்துவிட்டது. கீழே போல்ட்டை அறுத்துத்தான் கொம்புகளைப் பெயர்த்தெடுத்தோம். உள்ளே மாட்டிய துண்டுகளை எடுத்தால்தான் மறுபடி பொருத்த முடியும். உள்ளூர்ப் பட்டறை ஒன்றில் ஐந்தாவது கொம்பை ஓங்கி அடித்தார்கள்; இரண்டாகப் பிளந்தது. மாற்று எங்கும் கிடைக்காது. வாடைக் காற்று கிளம்ப இன்னும் பத்து நாள்கூட இல்லை. அதற்குள் இந்த நான்கும் திரும்பாவிட்டால் படகு பாறையில்தான் போய் நிற்கும்.

ரயில் பெட்டிச் சுவரில், வெடிபொருள் கொண்டு செல்வது குற்றம் என்று எழுதியிருந்தது. பட்டாசுக்கு அலுமினியப் பொடி போடுவார்கள் என்று முந்தின நாள்தான் கைபேசியில் படித்திருந்தேன். பையின் அடியில் கொம்புகளிலிருந்து பிடிப்பிடியாக வெள்ளைப் பொடி உதிர்ந்து கிடந்தது. பயத்தில் மூன்று முறை இடம் மாறினேன். ஒவ்வொரு முறையும் பையையும் தூக்கிக்கொண்டுதான் மாறினேன் என்பது திருமங்கலம் தாண்டிய பிறகே உறைத்தது.

8.00. விருதுநகரில் இறங்கி, மிளகாய் நெடியில் நான்கு தும்மல் போட்டுவிட்டு, இருபத்தைந்து ரூபாய் கொடுத்து சிவகாசி பஸ். அங்கிருந்து தாயில்பட்டிக்கு இன்னொரு பஸ். பக்கத்தில் பேச்சியம்மாள் என்பவர் உட்கார்ந்தார். பட்டாசுக் கம்பெனி வேனைத் தவறவிட்டவர்.

"பையில என்ன அண்ணாச்சி, அடக்கோழியா? இம்புட்டுப் பதவிசா வச்சிருக்கீக?"

"அலுமினியப் பொடி" என்றேன், குரலைத் தாழ்த்தி.

அவர் கேட்காமலே பைக்குள் கையை விட்டார். கொஞ்சம் எடுத்து விரலால் நசுக்கினார். என் கண்கள் தாமாக மூடிக்கொண்டன.

"அட, இது செத்த பொடி. எங்க பொடி வெள்ளி கணக்கா மின்னும், தேச்சா ரேகைக்குள்ள போயி உக்காந்துக்கிரும். இது துரு. அடுப்புல கொட்டுனாலும் எரியாது."

"நிச்சயமா?"

"இருவது வருசமா புஸ்வாணம் அடைக்கிறேன். கண்ணைத் தொறங்க, நான் எறங்கணும்."

10.20. தாயில்பட்டி. சேவியர் சொல்லியனுப்பிய செல்வராஜின் பட்டறை. இரும்பு உரசினால் பொறி பறக்கும், பட்டாசுக் கம்பெனிகளுக்குள் இரும்புக் கருவி ஆகாது என்பதால், அவர்களுக்குப் பித்தளையிலும் அலுமினியத்திலும் சாமான் செய்து கொடுப்பவர். எனக்கு நாலைந்து வயது இளையவர். போனில் யாரிடமோ ஆர்டர் பேசிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லிக் கை காட்டினார்.

உட்காரத் தெரிந்தால் நான் ஏன் படகு வாங்குகிறேன்? ஐந்து நிமிடம் பார்த்தேன். பிறகு வீட்டிலிருந்து கொண்டுவந்த சுத்தியலை எடுத்து, ஒரு போல்ட்டின் தலையில் ஒரே போடு.

ணங்!

தெருவே சத்தம் அடங்கியது. எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலைகள். "ஏலே செல்வராசு, யாருலே அது?" என்று ஒரு குரல். செல்வராஜ் போனை வீசிவிட்டு ஓடிவந்து கையை நீட்டினார். சுத்தியலைக் கொடுத்துவிட்டேன்.

"சார், இங்கன இரும்பு மேல இரும்பு விழுந்தா ஊரே எந்திரிச்சு நிக்கும்."

கொம்புகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடிச்சா ஒடஞ்சிரும். சூடு காட்டணும். எஃகைவிட அலுமினியம் கூட விரியும், அப்ப நெகிழும்."

"கேஸ் டார்ச் வச்சுச் சுடலாமா?"

சுத்தியலைப் பார்த்த அதே பார்வையை என்மேல் திருப்பினார். "பட்டறையிலயா? தீப்பெட்டியே கெடையாது இங்க. நெருப்பு வேணும்னா ரோட்டுக்கு அந்தப் பக்கம், டீக்கடைக்குத்தான் போகணும்."

போனேன். டீ பன்னிரண்டு ரூபாய். கொம்பு வேக வைக்க ஒரு பழைய சட்டியைக் கொடுத்த கடைக்கார அம்மா, "எத்தனை விசிலு?" என்று கேட்டார். கொதிக்கும் தண்ணீரில் கால் மணி நேரம். பிறகு ஈரச்சாக்கில் சுருட்டிக்கொண்டு ரோட்டைக் கடந்து நான் ஓட வேண்டும். ஆறுவதற்குள் செல்வராஜ் பித்தளைக் கம்பியை வைத்து மரச் சுத்தியால் செல்லமாகத் தட்டுவார். அசையாது. மறுபடி ஓட்டம். வழியில் போன லோடு ஆட்டோக்காரர்கள் பிரேக் போட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

மதியம் ஒரு மணிக்குள் மூன்று கொம்புகள் போல்ட்டைக் கக்கிவிட்டன. நான்காவது அசையவில்லை. ஆறாவது ஓட்டத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். பிளந்தது என்று நினைத்துச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இங்கிட்டு பாருங்க" என்றார். கொம்பு முழுசாக இருந்தது. தரையில் போல்ட் கிடந்தது.

துருவைச் சுரண்டினார். பிளாஸ்டிக் தாளில் வளையங்கள் வெட்டிக் கொடுத்தார். "போல்ட்டுக்கும் கொம்புக்கும் நடுவுல இதைப் போடுங்க. ரெண்டும் நேரா ஒட்டி, உப்புத்தண்ணியும் சேந்துச்சுன்னா அலுமினியந்தான் சாகும்." கூலி நானூறு.

2.40. வழியனுப்ப பஸ் நிறுத்தம் வரை வந்தார்.

"எம்புட்டுத் தூரம் போகும் சார் உங்க படகு? இலங்கைக்கா?"

"எங்கேயும் போகாது. நின்ன இடத்திலேயே நிக்கணும்னுதான் இந்த நாலும்."

"நிக்கிறதுக்கா இந்த ஓட்டம் ஓடுனீக!"

பஸ் வந்தது. பாதி இருக்கைகள் காலி. சிவகாசி வரை நின்றுகொண்டே வந்தேன்.