முராயும் நரியும்

நேற்று ராவாங் ஊரில் மகள் வீட்டில், அவள் பாயசத்தில் பாண்டான் இலையைப் போட்டாள். வாசம் வந்ததுமே எனக்கு நரி ஞாபகம். சிரிக்காதீர்கள். மலேசியக் காட்டில் நிஜ நரி கிடையாது. புக்கிட் ரோத்தான் பக்கத்து எங்கள் தோட்டத்தில் மரநாய் மாதிரியான மூசாங்கைத்தான் நரி என்போம். நீண்ட வால், கண்ணைச் சுற்றிக் கரி பூசினாற்போல் முகம். அது போன வழியெல்லாம் பாண்டான் மணக்கும்.

எண்பதுகளில் நானும் என் சிநேகிதி பாக்கியமும் அங்கே செம்பனைப் பழம் பொறுக்கினோம். எனக்கு உயிர் முராய்தான். கறுப்பும் வெள்ளையுமாக, உள்ளங்கைக்குள் அடங்கும் பாட்டுக்காரக் குருவி. பாக்கியம் நரிக் கட்சி. உன் குருவி எலி பிடிக்குமா என்பாள். உன் நரிக்கு ஒரு வரி பாட வருமா என்பேன். கல்யாணமான இரண்டு பெண்களுக்கு இப்படி ஒரு ஓயாத வழக்கு.

ஒரு நாள் விடிகிற நேரம், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், எங்களை மேய்க்கும் மண்டோர் பேர் கூப்பிடக் காத்து நின்றோம். எதிரே பட்டுப்போன தென்னை. அதன் பொந்தில் முராய்க் குஞ்சுகள். நரி அதில் ஏறிக்கொண்டிருந்தது. ஆண் முராய் பாய்ந்து வந்து அதன் முகத்திலேயே மோதியது. பாட்டில்லை, துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். நான் பதறிப்போய் மண்டோரைக் கூப்பிட்டேன். அவர் கல்லை எடுத்தார். பாக்கியம் அவர் கையைப் பிடித்துவிட்டாள்.

"அடிக்காதீங்கண்ணே. கீழ பாருங்க, அதுக்கும் புள்ளைங்க இருக்கு."

மரத்தடி லாலாங் புல்லில் இரண்டு குட்டிகள், தாயையே அண்ணாந்து பார்த்தபடி.

"யாரு பக்கந்தான் நிக்கிறது லா," என்று முணுமுணுத்து அவர் கல்லைக் கீழே போட்டார்.

பிறகு யாரும் அசையவில்லை. முராய் திரும்பத் திரும்ப மோதியது. இறகு பறந்தது. அந்தச் சின்ன உடம்புக்குள் பயம் எங்கே போயிற்று என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. கடைசியில் நரி முகத்தைத் திருப்பிக்கொண்டு மெதுவாக இறங்கியது. குட்டிகள் பின்னாலேயே போயின. முராய் தென்னை உச்சியில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, வாலைத் தூக்கிப் பாடியது. மண்டோர் பேர் கூப்பிட மறந்து நின்றார்.

ஜெயித்த மிதப்பில் பாக்கியத்தைப் பார்த்தேன்.

"ஒன் குருவி ஜெயிச்சிருச்சு," என்றாள். "என் நரி பசியோட போவுது, பாரு."

அந்த வழக்கை அதன்பின் நாங்கள் எடுக்கவேயில்லை.

தோட்டம் விற்றுப்போனது. நாங்கள் குடியிருந்த லயங்களை இடித்துப் புது வீடமைப்பு வந்தது. மகனோடு சுங்கை பஞ்சாங் போன பாக்கியமும் இப்போது இல்லை. அன்று அங்கே நின்றவர்களில், நான் சொல்வது நிஜந்தான் என்று சொல்ல ஓர் ஆள்கூட எனக்குக் கிடைக்கவில்லை.