குடும்பத்தார் எவரும் இல்லை

என் அண்ணன் ஆயுள் தண்டனைக் கைதியாக வேலூர் சிறைக்குப் போய்ப் பத்து வருடம் முடிந்த சமயத்தில் வக்கீலிடமிருந்து போன் வந்தது. முன்கூட்டியே விடுதலை செய்வதற்கான விதிமுறைகளை அரசு மாற்றியிருக்கிறது, பழைய கைதிகளுக்கும் அது செல்லும் என்றார். "உங்க அண்ணன் உள்ள போன அன்னைக்கு இப்படி ஒரு வழியே இல்லீங்க. பழைய விதிப்படின்னா இன்னும் நாலு வருஷம் கழிச்சித்தான் மனுவையே எடுத்துப்பாங்க. இப்ப போடலாம்." போட்டோம்.

அண்ணன் செய்ததைப் பூசி மெழுக நான் இதை எழுதவில்லை. குழாயடிச் சண்டையில் அடுத்த தெருக்காரர் ஒருவரைக் கட்டையால் தலையில் அடித்தார். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அவர் இறந்துபோனார். அவருடைய மனைவியை இன்றைக்கும் கடைத்தெருவில் பார்த்தால் நான் தலையைக் குனிந்துகொள்வேன். ஆனால் அண்ணன் வெளியே வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதுவும் உண்மை.

மனு போட்ட பிறகு வீட்டுக்கு விசாரணைக்கு ஆள் வரும் என்று வக்கீல் சொல்லியிருந்தார். வருகிறவரைச் சேர்த்துக்கொள்ளக் குடும்பம் இருக்கிறதா, ஊரில் தகராறு வருமா என்றெல்லாம் கேட்பார்களாம். விசாரணை என்றால் என் புத்திக்குக் காக்கிச் சட்டைதான். அதற்காகக் காத்திருந்தேன்.

இங்கே எங்கள் தெருவின் வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஆரணியில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் வாசல் அறையில் கைத்தறி இருக்கும், பின்கட்டில் பவர்லூம் ஓடும். கைத்தறிக்கு என்று வாங்கிய சலுகை மின்சாரத்தில்தான் அதுவும் ஓடும். தப்புதான், மின்வாரிய ஆள் பார்த்தால் இணைப்பு போய்விடும். பேண்ட் சட்டையும் கையில் ஃபைலுமாக முன்பின் தெரியாத ஆள் தெருவுக்குள் நுழைந்தால் முதல் வீட்டில் மோட்டார் நிற்கும். அந்தச் சத்தம் நின்றதும் அடுத்தடுத்த வீடுகளிலும் நின்றுவிடும். வந்தவர் யார் பெயரைக் கேட்டாலும் அந்த ஆள் ஊரில் இல்லை. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை.

என் வீட்டு மின் இணைப்பும் நெசவாளர் அட்டையும் அண்ணன் பெயரில் இருந்தன.

ஒரு நாள் காலை பதினோரு மணி இருக்கும். தெருவில் தறிச்சத்தம் சட்டென்று அடங்கியது. நானும் ஓடிப்போய் சுவிட்சை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்தேன். கண்ணாடி போட்ட ஒருவர் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அண்ணன் பெயரைச் சொன்னார். "இந்த வீடுதானேங்க? ஆபீஸ்லேர்ந்து வரேன்..." அவரை முடிக்கவே விடவில்லை.

"அப்படி யாரும் இல்லீங்க. காலி பண்ணிகினு போயி ரொம்ப வருஷம் ஆவுது."

"அவர் குடும்பத்துல யாராச்சும்?"

"யாரும் இல்லீங்க."

"நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாங்க. வாடகைக்கு இருக்கறோம்."

அவர் எதையோ எழுதிக்கொண்டு போனார். சாமர்த்தியமாகப் பேசி அனுப்பிவிட்டேன் என்று மனைவியிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

அடுத்த இரண்டு மாதமும் முகூர்த்த மாதங்கள். தறியை விட்டு நகர முடியாமல் அண்ணனைப் பார்க்க வேலூருக்குப் போகவில்லை. அப்புறம்தான் வக்கீல் மறுபடி போன் செய்தார். மனு நின்றுபோய்விட்டது, குடும்பத்தார் எவரும் இல்லை என்று விசாரணைக்கு வந்த நன்னடத்தை அலுவலர் அறிக்கை கொடுத்திருக்கிறார் என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் நடுத்தெருவில் நின்று கத்தினேன். எவன் அப்படிச் சொன்னது, எவன் என் குடியைக் கெடுத்தது என்று ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக் கேட்டேன். எதிர்வீட்டுப் பெரியம்மா நூல் சுற்றிக்கொண்டிருந்தவர், கையை நிறுத்தாமலே சொன்னார்: "ஏம்பா, கண்ணாடி போட்டுகினு ஒருத்தர் வந்தாரே, அவருகிட்ட நீதானே சொன்ன. நான் இங்கதான் குந்திகினு இருந்தேன்."

மறுநாளே திருவண்ணாமலைக்குப் போய் அந்த அலுவலரின் முன்னால் நின்றேன். தறியையும் மறைக்காமல் சொன்னேன். அவர் அண்ணனின் ஃபைலை எடுத்துப் பிரித்தார். "தறி என் வேல இல்லீங்க. நான் திரும்ப வந்து விசாரிச்சி எழுதறேன். ஆனா உங்க அண்ணனே இனிமே மனு வேணாம்னு எழுதிக் குடுத்துட்டாரே" என்றார்.

அங்கிருந்து வேலூர் போனேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அண்ணன் வந்து நின்றார். நடந்ததை ஒரே மூச்சில் கொட்டினேன்.

"பவர்லூமா? எப்போடா போட்ட?" என்றார். அதைக்கூட நான் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

"மூணு வருஷம் ஆவுதுண்ணா."

"ஒரு ஆம்பள அப்படி சொன்னாருன்னு இங்க ரிப்போர்ட்ட படிச்சிக் காட்டினாங்க. அந்த வூட்ல ஆம்பளன்னு நீ ஒருத்தன்தான். நீதான் சொல்லியிருப்பன்னு தெரியும்டா. ரெண்டு பொண்ண வெச்சிகினு இருக்கற, ஜெயில்லேர்ந்து ஒருத்தன் வந்தா பேஜாருன்னு வேணாம்னுட்டன்னு நெனச்சிகினேன். கோவமே வரல. அதான் எழுதிக் குடுத்துட்டேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சுற்றிலும் ஆட்கள் இருக்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். "வூட்டுக்கு வாண்ணா" என்றே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

அண்ணன் எழுதிக் கொடுத்ததைத் திரும்பப் பெற்றார். அலுவலர் மறுபடி வந்தார், நல்லபடியாக எழுதினார். ஆனால் ஒருமுறை கீழே போன மனு மறுபடி வரிசையில் ஏறி ஒவ்வொரு மேசையாக நகர வேண்டும். கூட மனு போட்டவர்கள் எல்லோரும் வீட்டுக்குப் போய்ப் பதினோரு மாதம் கழித்துத்தான் அண்ணன் வந்தார்.

வந்த வாரம் கண்ணமங்கலத்திலிருந்து சொந்தக்காரர்கள் பார்க்க வந்தார்கள். இன்னும் வருஷம் இருக்கிறது என்றார்களே, எப்படி இவ்வளவு சீக்கிரம் விட்டார்கள் என்று ஒருவர் கேட்டார். அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே, "சட்டம் மாறிச்சி மாமா. ஆனா அது தானா நடக்குமா? தம்பி அலைஞ்சான்" என்றார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் பிஸ்கட் தட்டை எடுத்து அவர்கள் பக்கம் நகர்த்தினேன்.